வெப்சைட்டு ஏத்தறாராம் நம்ம பேராண்டி

ஏண்டா பேராண்டி, அன்னிக்கு ராத்திரி காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் முழுக்க வாட்ஸ்அப்புல ஒரு லிங்க் தட்டி விட்டியாமே? 'காஞ்சிப் பட்டு, இனி உலகத்தின் விரல் நுனியில்'னு கீழ ஒரு வசனம் வேற. தொட்டுப் பார்த்தவன் ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெறக்கல. எதிர்வூட்டு ஆளு சிக்னல் இல்லையோன்னு மொட்டை மாடி வரைக்கும் ஏறிப் பார்த்துட்டான். நான் கண்ணாடியை மாட்டிக்கினு பார்த்தா, விலாசத்துல இன்னா இருக்குது? லோக்கல்ஹோஸ்ட்டு!

அடேய், லோக்கல்ஹோஸ்ட்டுன்னா 127.0.0.1. யார் மெஷின்ல தட்டினாலும் அது அந்த மெஷினையேதான் கூப்பிடும். நீ குடுத்த விலாசத்தை வச்சிக்கினு அவனவன் தன் வூட்டுக் கதவையே தட்டிக்கினு நின்னிருக்கான். இதுக்குத் தொடக்க விழா, ஃபிளெக்ஸ் பேனர், சிறப்பு விருந்தினர்! அப்ப சைட்டு உன் லேப்டாப்பை விட்டு இறங்கவே இல்ல. பொன்னாடைக்கு யார் பணம் குடுக்கறதுன்னு மட்டும் பேசி முடிச்சாச்சு.

கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கறியா? 1804-ல பிரான்சுல ஜக்கார்டுன்னு ஒருத்தர், அட்டையில ஓட்டை போட்டு, அந்த ஓட்டை சொல்றபடி தறியில பூ விழ வச்சாரு. அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்துல பாபேஜ் தன் கணக்கு மெஷினுக்கும் ஓட்டை அட்டை வேணும்னு யோசிச்சாரு. தறியில உக்கார்ந்து அந்த அட்டையோட ஆயுசு முழுக்க மல்லுக்கட்டினவன் நான். உன் கம்ப்யூட்டரு எனக்குப் பங்காளி முறைடா. சும்மா மிரட்டாத.

'டிப்ளாய்மென்ட்டு'ங்கற. 'மைக்ரேஷன்'ங்கற. கேக்கறவன் காதுல ஏதோ கப்பல் கட்டறாப்பல விழுது. விஷயம் இன்னா? லேப்டாப்பையே சர்வர் ஆக்கற ஸாம்ப்பைப் போட்டு, அதுல ஓட்டிக்கினு இருந்த வேர்ட்பிரஸ் சைட்டை எடுத்து, ராப்பகலா ஓடற இன்னொரு மெஷின்ல வைக்கணும். கோப்பு ஒரு மூட்டை, டேட்டாபேஸ் ஒரு மூட்டை. அவ்ளோதான். உலகத்துல முதல் வெப்சைட்டை வச்சாரே டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா பக்கத்து செர்ன்ல, அவரு இன்னா பேனரா கட்டினாரு? மேசை மேல இருந்த கம்ப்யூட்டர் மேல ஒரு சீட்டை ஒட்டி, 'இது சர்வர், அணைச்சிடாதீங்க'ன்னு சிவப்பு மையில எழுதினாரு. வேலை முடிஞ்சுது.

நீ இன்னா பண்ண? வாங்கறதுலயே பெரிய சர்வரா வாங்கின. எதுக்குடான்னா, கூட்டம் தாங்கணுமாம். 2019-ல அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்தை விட்டு வெளிய வந்து 48 நாள் சேவை சாதிச்சாரே, அந்தக் கூட்டத்தை இந்த ஊரு பார்த்துது. நாப்பது வருஷம் கழிச்சு வந்தவருக்கு அது நியாயம். உன் சைட்டுல இருக்கறது பன்னெண்டு புடவை. அதுல மூணுக்கு ஒரே படம். பல பேர் பங்கு போட்டுக்கற சாதா ஹோஸ்டிங்கே இதுக்குத் தாராளம்.

சரி, வாங்கித் தொலைச்ச. கோப்பை எல்லாம் எஃப்டிபி-யில ஏத்தின. தெறந்தா, டேட்டாபேஸ் கனெக்ஷன் கிடைக்கலன்னு ஒத்தை வரி. உடனே ஹோஸ்டிங் கம்பெனிக்காரனைத் திட்ட ஆரம்பிச்ச. ரெண்டு மூட்டையில ஒண்ணைத்தானே தூக்கிக்கினு போன? பிஎச்பிமைஅட்மின்ல போயி டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் பண்ணி, அங்க புதுசா ஒண்ணு உண்டாக்கி, அதுக்குள்ள இறக்கணும். அப்பால டபிள்யூபி-கான்ஃபிக் கோப்புல நாலு வரி இருக்குது. டேட்டாபேஸ் பேரு, பயனர் பேரு, கடவுச்சொல், எந்த மெஷின். உன் லேப்டாப்புல பயனர் 'ரூட்'டு, கடவுச்சொல்லே கிடையாது. ஊருக்கு நடுவுல அப்படி இருக்க முடியுமா? முதல் மூணையும் மாத்து. நாலாவது வரி மட்டும் அநேகமா அங்கயும் லோக்கல்ஹோஸ்ட்டுன்னே இருக்கும். ஏன்னா அது பேசறது தனக்குப் பக்கத்துல இருக்கற டேட்டாபேஸோட. இதைக் கேட்டதும் சிரிச்ச பாரு, அப்பதான் உனக்கு விஷயம் புரிஞ்சுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது.

இனிமேதான் நெஜமான வேலை. தறியில பாவு தீர்ந்தா புதுப் பாவை எப்படிடா ஏத்தறோம்? பழைய இழையோட நுனியில புது இழையை ஒண்ணொண்ணாப் பிணைச்சு முறுக்கணும். ஆயிரக்கணக்குல இழை. உக்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்காம ஒரு பொம்பளை அதைச் செய்வா, பார்த்திருக்க இல்ல? ஒரு இழை இடம் மாறினா, அந்தத் தப்பு முந்தானை வரைக்கும் ஓடும். இங்கயும் அதேதான். உன் டேட்டாபேஸுக்குள்ள படத்துக்கு, பட்டனுக்கு, மெனுவுக்குன்னு நூத்துக்கணக்குல பழைய விலாசம் உக்கார்ந்திருக்குது. ஆப்ஷன்ஸ் டேபிள்ல சைட் யூஆர்எல், ஹோம் ரெண்டை மட்டும் மாத்திட்டு மார்தட்டினா, முகப்பு தெறக்கும், படம் வராது.

உடனே நீ புத்திசாலியாட்டம் டேட்டாபேஸ் கோப்பை நோட்பேடுல தெறந்து, மொத்தமா மாத்திட்ட. அதுல இருக்குது சூட்சுமம். வேர்ட்பிரஸ் சில சங்கதியைச் சேத்து வைக்கும்போது எழுத்தை எண்ணி, அந்த எண்ணிக்கையையும் பக்கத்துலயே எழுதி வச்சிக்கும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு இங்கிலீஷ்ல 9 எழுத்து. உன் புதுப் பேரு அதைவிட நீளம். எழுத்து மாறிச்சு, எண்ணிக்கை மாறல. கணக்கு ஒத்துவரலன்னதும் அது மொத்தத்தையும் கைவிட்டுடும். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு உங்க பாட்டி தெனம் சொல்லுவாளே, காதுல வாங்கினியா? எண்ணிக்கையையும் சேத்துத் திருத்தறதுக்குன்னே கருவி இருக்குது. டபிள்யூபி-சிஎல்ஐ-யில சர்ச்-ரிப்ளேஸ். அதை ஓட்டு.

இன்னும் ரெண்டு படம் வரலையா? பேரைப் பாரு. உன் விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணு. சர்வர்ல ஓடறது லினக்ஸு. அதுக்கு ரெண்டும் வேற வேற. அவசரத்துக்கு எல்லா ஃபோல்டருக்கும் 777 அனுமதி குடுத்து வச்சிருக்கியே, அதையும் மாத்து. ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 போதும். யார் வேணும்னாலும் வந்து எழுதலாம்னு விட்டா, நாளைக்கு உன் பட்டுப் பக்கத்துல சூதாட்ட விளம்பரம் ஓடும்.

டொமைனைப் புது சர்வருக்குத் திருப்பிட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ் அழுத்தாத. ஒவ்வொரு நெட் கம்பெனியும் பழைய விலாசத்தைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சிருக்கும். சில சமயம் 48 மணி நேரம் கூட ஆகும். பூட்டுச் சின்னத்துக்குச் சான்றிதழ் வேணும், காசு குடுன்னு கேட்டான்னா குடுத்துடாத. லெட்ஸ் என்கிரிப்ட் சும்மாவே குடுக்குது. 90 நாள்தான் ஆயுசு. தானா புதுப்பிக்கற மாதிரி வச்சிடு.

எல்லாத்துக்கும் முன்னாடி காப்பி எடுத்தியா? இல்லையா? 2017 ஜனவரி 31-ஆம் தேதி, கிட்லேப்னு பெரிய கம்பெனியில ஒருத்தன், உன்னை மாதிரி படிச்சவன்தான், வேற சர்வர்னு நெனைச்சு ஓடிக்கினு இருந்த சர்வரோட டேட்டாபேஸையே அழிச்சிட்டான். அஞ்சு வழியில பேக்கப் வச்சிருந்தாங்க. அஞ்சும் கை குடுக்கல. வேற வேலைக்குன்னு ஒருத்தன் ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வச்ச காப்பி கிடைச்சுதோ, பொழைச்சாங்க. ஒலகத்துக்கே சேமிச்சுக் குடுக்கற கம்பெனி கதை இது. நீ எம்மாத்திரம்? காப்பி எடுத்தா பத்தாது. அதை ஒரு தடவை தெறந்து, திரும்ப ஏத்திப் பாரு.

அப்பால, பொருளைப் பத்தி ஒரு வார்த்தை. 'பாரம்பரியத்தின் சங்கமம்'னு எழுதியிருக்க. யாருடா படிக்கறது? கோர்வைன்னா இன்னா, உடலையும் கரையையும் வேற வேற நாடா போட்டு எப்படிக் கோக்கறோம், அதைப் போடு. புடவையோட பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடு. தெரிஞ்சவன் அதைத்தான் முதல்ல திருப்பிப் பார்ப்பான். நம்ம பட்டுக்கு 2005-06-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, அதைச் சொல்லு. வெலையைப் போடு. 'விலைக்கு அணுகவும்'னு போட்டா எவனும் அணுக மாட்டான்.

கூகுள்ல வரலையேன்னு அழறியே, அமைப்புல 'ரீடிங்' பக்கம் போய்ப் பாரு. தேடற மெஷினுங்க இந்தப் பக்கம் வராதீங்கன்னு நீயே டிக் போட்டு வச்சிருக்க. அதை எடு. போகற போக்குல, முகப்புல 'ஹலோ வேர்ல்டு'ன்னு ஒரு பதிவு கிடக்குது பாரு, அதையும் தூக்கிடு. அதை எழுதினது நீ இல்லன்னு எனக்கே தெரியும்.