மஞ்சள் பட்டைக்காரன்

பழைய மகாபலிபுரம் சாலையில் நான் போய்வரும் அலுவலகத்தில் நிரந்தர ஊழியருக்குக் கழுத்தில் நீலப் பட்டை, காண்ட்ராக்டருக்கு மஞ்சள். மஞ்சளுக்குத் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் கிடையாது, குடும்ப தினத்துக்கு அழைப்பும் கிடையாது. நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் முதல் போன் மட்டும் மஞ்சளுக்குத்தான் வரும். போன வாரம் ஹெச்.ஆர். பெண் கூப்பிட்டு, "நீங்க பர்மனென்ட்டா வந்துடலாமே சார்?" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இப்படி யாராவது கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள். டிகிரி வாங்கிய கையோடு சாந்தோம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று பதிந்துவிட்டு வருவது அப்போது ஒரு சடங்கு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்துப் புதுப்பித்தே நரைத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் பர்மனென்ட்டா?" என்பதுதான் முதல் கேள்வி. சம்பளம், நட்சத்திரம், கோத்திரமெல்லாம் காபிக்கு அப்புறம்.

அப்போது நானும் பர்மனென்ட்தான், பெண் கொடுத்தார்கள். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து வேலையை விட்டுவிட்டுக் காண்ட்ராக்டில் போகிறேன் என்றதும் அரசு ஊழியரான மாமனார் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். "கவர்மென்ட் உத்தியோகம்னா யாராலயும் அசைக்க முடியாது மாப்பிள்ளை" என்பார். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் தமிழக அரசு ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியதை நினைவுபடுத்தினேன். "நான்தான் ஸ்டிரைக்குக்கே போகலையே!" என்றார். பெரும்பாலானவர்களை உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. அதே வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றும் ஆனது. மாமனார் அதிலும் தப்பினார். தப்பித்தவர்கள் சொல்லும் அறிவுரைக்கு எப்போதுமே கம்பீரம் அதிகம்.

காண்ட்ராக்டில் சேர்ந்த புதிதில் எனக்கும் கொஞ்சம் கொழுப்பு உண்டு. அப்ரைசல் மாதத்தில் நீலப் பட்டைகள் முகம் தொங்கிப்போய்த் திரிவதை கேன்டீனில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். மாதக் கடைசியில் இன்வாய்ஸ் போட்டால் வேலை முடிந்தது. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதைக் கட்டப் போர்ட்டல், போர்ட்டல் திறக்காத 20-ஆம் தேதி என்று பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பணம் வர நாற்பத்தைந்து நாள் என்று ஒப்பந்தம் சொல்லும். அக்கவுன்ட்ஸ் பிரிவு வேறொரு பஞ்சாங்கம் வைத்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஆறு மாத ஒப்பந்தம் நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக வளர்ந்து, அந்த மாடியிலேயே பழைய ஆள் இப்போது நான்தான். என்னை எடுத்த மேனேஜர் பெங்களூர் போய்விட்டார். அவருக்கு அடுத்தவரை "ரீஸ்ட்ரக்சரிங்" கொண்டுபோனது. அதற்கும் அடுத்தவர் இரண்டு அப்ரைசலோடு நிறுத்திக்கொண்டார். எல்லாரும் நீலம். அவர்களுடைய வழியனுப்பு கேக்கில் மஞ்சள் பட்டைக்கும் ஒரு துண்டு உண்டு. நான் நிறையத் தின்றிருக்கிறேன். 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனம் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அடிபடப்போவது பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை ஆட்கள் என்றது. அதாவது என் வயசுக்காரர்கள்.

பிறகு ஏன் யோசிக்கிறேன்? சம்பளத்துக்காக இல்லை. சி.டி.சி. தாளைப் பார்த்தேன், கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாமே எனக்குத் தருவதாகச் சொல்லும் தொகைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. விலக வேண்டுமானால் 90 நாள் நோட்டீஸ்.

அம்மாவுக்காகத்தான். எழுபத்தாறு வயசு, சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட். தனியாகப் பாலிசி எடுக்கப் போனால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருஷம்வரை காத்திருக்கச் சொல்வார்கள், அதுவும் எடுத்துக்கொண்டால். நிறுவனத்தின் குரூப் இன்ஷூரன்ஸில் பெற்றோரையும் சேர்க்கலாம். பிரீமியத்தை என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்; ஆனால் முதல் நாளிலிருந்தே எல்லா நோயும் சேர்த்தி. நீலப் பட்டையில் நான் பொறாமைப்பட்ட ஒரே விஷயம் அதுதான். அம்மாவிடம் சொன்னேன். "என் ஸ்டென்ட்டுக்காகவாடா உனக்கு வேலை குடுக்கறா?" என்றாள்.

சரி என்று பதில் அனுப்பினேன். உடனே பட்டியல் வந்தது: பட்டச் சான்றிதழ், முந்தைய வேலைகளின் ரிலீவிங் லெட்டர், பின்னணிச் சரிபார்ப்புக்கு ஒப்புதல்.

"நான் இத்தனை வருஷமா உங்க மூணாவது மாடியிலதானே இருக்கேன்மா?"

"எங்க ரெக்கார்டுல நீங்க புது ஜாயினி சார். கிராஜுவிட்டி சர்வீஸும் சேர்ற தேதியிலேருந்துதான். அப்புறம், ஆறு மாசம் ப்ரொபேஷன்."

அன்று மாலையே கொள்முதல் பிரிவிலிருந்தும் ஒரு மெயில். வழக்கம்போல என் ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள். ஆறு மாசம்.

இரண்டையும் பிரின்ட் எடுத்து மாமனாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல பர்மனென்ட் எது மாப்பிள்ளை?" என்று கேட்டார்.