இன்னும் ரெண்டாயிரம் போட்டா...

பத்தாயிரம் ரூபாயோடு கேமிங் மானிட்டர் வாங்க ரிச்சி தெருவுக்குள் நுழைகிறவருக்கு உபதேசம் இலவசம். "இன்னும் ரெண்டாயிரம் போட்டா 180 ஹெர்ட்ஸ் வந்துரும் தம்பி" என்பார் கடைக்காரர். அந்த ரெண்டாயிரத்துக்கு முடிவே கிடையாது. அடுத்த அலமாரிக்கும் அதே ரெண்டாயிரம்தான்.

பெட்டியின் மேல் '1 மில்லிசெகண்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எதை, எப்படி அளந்தார்கள் என்பது பொடி எழுத்தில். மலிவான விஏ பேனலில் இருட்டுக் காட்சி வந்தால், எதிரி ஓடிப்போன பிறகும் அவன் நிழல் இழுபட்டுக்கொண்டே போகும். 'எச்டிஆர் 400' என்றால் வெளிச்சம் 400 நிட்ஸைத் தொடும். கறுப்பு கறுப்பாகத் தெரியும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144இல் 6.9. மிச்சமாகும் பத்து மில்லிசெகண்டுக்குத்தான் இத்தனை பேரம். வீட்டிலிருக்கும் பழைய கிராபிக்ஸ் கார்டோ நொடிக்கு 50 பிரேம் தள்ளவே மூச்சு வாங்கும்.

அப்பாவிடம் "ஆன்லைன் கிளாஸுக்கு" என்று சொல்லி வாங்கியாகிவிட்டது. மாட்டியதும் விண்டோஸ் அதைப் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டும். செட்டிங்ஸில் போய் மாற்ற வேண்டும். மாற்றாதவரும் "144 வேற லெவல் மச்சி" என்று சத்தியம் செய்வார். காசு கொடுத்த கண்ணுக்கு எல்லாம் தெரியும்.