சத்தமில்லாமல் சாகும் சிப்புகள்

கேள்வி: எங்கள் ஊரில் கதவுப் பிடியைத் தொட்டு யாருக்கும் ‘சுரீர்’ என்று அடித்ததில்லை. போன் திருத்தும் நான் ஏன் நிலைமின்னுக்குப் பயப்பட வேண்டும்?
— பஸார் வாசகர், மூதூர்

பதில்: தம்பி, அடிக்காததுதான் ஆபத்து! உடம்பில் ஏறத்தாழ 3000 வோல்ற்று சேர்ந்த பிறகுதான் விரலுக்கே தெரியும். உங்கள் மேசையில் கிடக்கும் சிப்புகளில் சில 100 வோல்ற்றுக்கே உயிரை விட்டுவிடும். இடையில் நடக்கும் கொலைகளுக்குச் சாட்சி கிடையாது.

கொட்டியாரக் குடாவின் ஈரக்காற்று ஓரளவு காவல்தான். ஈரம் பொருள்களின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து மின்னேற்றத்தை வடியவிடும். ஆனால் கச்சான் காலத்தில், மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் காற்று உதட்டையே வெடிக்க வைக்கிறதே! போதாததற்குக் கடையில் ஏசி. இருக்கும் ஈரத்தையும் அது பிழிந்து வெளியே விடுகிறது. பொலியெஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் கதிரையை விட்டு எழும்பினாலே போதும், நீங்கள் மின்னேறிய மனிதர்.

முழுதாகச் செத்த சிப்பையாவது மாற்றிவிடலாம். அரைகுறையாக அடிபட்டதுதான் பொல்லாதது. அன்றைக்குப் போன் வேலை செய்யும், வாடிக்கையாளர் காசு தந்துவிட்டுச் சேனையூருக்குப் போய்விடுவார். சில கிழமைகளில் அதே போனோடு வந்து நிற்பார். கெட்ட பெயர் உங்கள் கடைக்கு.

கேள்வி: கடற்கரை ஊரில் போர்டுக்குப் பெரிய எதிரி நிலைமின்னா, உப்பா?
— சம்பூர் வாசகி

பதில்: உப்பு. ஆனால் உப்புத் தின்ற போர்டு பச்சை பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும், தங்கச்சி. நிலைமின் கொன்ற சிப்பில் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தெரியாது.

கேள்வி: நிலைமின்னை எர்த்துக்கு வடியவிடும் கைப்பட்டி வாங்குவதற்குப் பதிலாகச் செப்புக் கம்பியை மணிக்கட்டில் சுற்றி எர்த்தில் கொடுத்தால் என்ன?
— தோப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம், வேண்டவே வேண்டாம்! கடையில் விற்கும் பட்டியோடு 1 மெகாஓம் தடை ஒன்று சேர்ந்தே வரும். மற்றக் கை தவறி 230 வோல்ற்றில் பட்டாலும், பட்டி வழியே ஓடும் மின்னோட்டத்தை அது கால் மில்லியம்பியருக்குள் அடக்கிவிடும். வெறும் கம்பி அடக்காது. சிப் போனால் இன்னொன்று வாங்கலாம், நீங்கள் போனால்?

பட்டி வாங்கும் வரை, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கணினியின் உலோகப் பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உங்கள் உடம்பும் பெட்டியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். போர்டை ஓரத்தில் பிடியுங்கள். பக்கத்தில் கிடக்கும் ரெஜிபோமைத் தூக்கி வெளியே போடுங்கள்.

கேள்வி: ராம் வந்த வெள்ளிநிறப் பையை விரித்து அதன் மேல் வைக்கலாமா?
— கிண்ணியா வாசகர்

பதில்: உள்ளே வைத்தால்தான் காவல். மேலே வைத்தால் அது வெறும் பை.

கேள்வி: படகு எஞ்சினுக்குப் பெற்றோல் வாங்கும்போது கேனை ஓட்டோவிலிருந்து இறக்கி நிலத்தில் வைக்கச் சொல்கிறார்கள். வீண் வேலைதானே?
— இறால்குழி வாசகர்

பதில்: இல்லை, காக்கா. எண்ணெய் பாயும்போதும் மின்னேற்றம் சேரும். றெக்சின் இருக்கையும் றப்பர் டயரும் அதை நிலத்துக்குப் போக விடாது. இங்கே பொறி பறந்தால் சாவது சிப் அல்ல. கேனை இறக்கி நிலத்தில் வையுங்கள், பம்பின் முனையைக் கேன் வாயில் ஒட்டியபடி மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள்.