ஒரு நிமிடச் சவாரி

சைக்கிளில் வித்தை காட்டுவதெல்லாம் ஒரு தொழிலா?

டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ். ஃப்ரீஸ்டைலுக்குத் தங்கப் பதக்கமே கொடுத்தார்களே! பெண்கள் பிரிவில் அதை வென்ற பிரிட்டனின் சார்லட் வொர்திங்டன், அதற்கு முன் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். புரட்டிப் போடுவது அவருக்குப் பழகிய கலை!

கீழே விழுந்தவர் எப்படி ஜெயிக்க முடியும்?

அதே சார்லட்டைக் கேளுங்கள். இறுதிப் போட்டியில் ஆளுக்கு இரண்டு வாய்ப்பு, ஒவ்வொன்றும் 60 விநாடி. முதல் வாய்ப்பில், 360 டிகிரி சுழன்றபடியே பின்பக்கக் குட்டிக்கரணம் அடிக்கப்போய் விழுந்தார். இரண்டாவதில் எளிதான வித்தைக்கு மாறினாரா? அதையே மறுபடி அடித்தார்! 97.50 புள்ளிகள். இரண்டில் சிறந்தது மட்டுமே கணக்கு. இந்த நியாயம் நம் பரீட்சைகளுக்கும் வரட்டும்.

கொரோனாவில் பயிற்சிக் களங்களை மூடியபோது என்ன செய்தார்கள்?

ஆஸ்திரேலியாவின் லோகன் மார்ட்டின் வீட்டுக் கொல்லையிலேயே களம் கட்டிக்கொண்டார். அறுவடை, டோக்கியோவில் ஆண்கள் தங்கம்.

விழுந்து எழுந்தால்தான் சைக்கிள் வரும். இதென்ன தலை போகிற விஷயமா?

தலையே போகிற விஷயம்தான். சாகச விளையாட்டுப் போட்டியான எக்ஸ் கேம்ஸில் 24 பதக்கங்கள் வென்ற அமெரிக்க பி.எம்.எக்ஸ். வீரர் டேவ் மிர்ரா 2016-ல், 41 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளை நோய் அவருக்கு இருந்ததைப் பின்னர் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பிள்ளைக்கு சைக்கிள் வாங்கும் அன்றே ஹெல்மெட்டும் வாங்குங்கள். தலையில் அடிபட்டால், 'ஒன்றுமில்லை, எழுந்து ஓட்டு' என்று மட்டும் சொல்லாதீர்கள்.