போஜன யாத்திரிகர்

காசிக்குப் போகிறவர்கள் தமக்குப் பிரியமான காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். ஆனால் அமெரிக்காவின் தெற்குக் கோடியில், லூயிசியானா மாகாணத்தில், மிஸிஸிப்பி நதி வளைந்து திரும்பும் கரையில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு யாத்திரை புறப்படும் கனவானோ, எதையும் விட்டுவைப்பதில்லை என்ற சங்கற்பத்தோடுதான் சிகாகோவிலோ பாஸ்டனிலோ விமானம் ஏறுகிறார். சாப்பிடவா வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கலாசாரத்துக்காக வந்திருப்பதாகச் சொல்வார்; அந்தக் கலாசாரம் மூன்று வேளையும், வேளைகளின் நடுவிலும் தட்டில் வந்து இறங்குவது தற்செயலே.

முதல் தரிசனம் 1862 முதல் நடந்துவரும் 'கஃபே டு மாண்ட்' என்ற காபிக் கடையில். எண்ணெயில் பொரித்து, மாவுச் சர்க்கரையை மலையாகக் கொட்டித் தரும் 'பென்யே' என்னும் பலகாரத்தைக் கடிக்கும்போது மூச்சு விடக் கூடாது என்பது அவ்வூரார் அனுபவத்தில் கண்ட சாஸ்திரம். நம் யாத்திரிகரோ, கறுப்புக் கோட்டு அணிந்து, வாயில் பென்யேயை வைத்துக்கொண்டே, சிக்கரி கலந்த காபியின் சரித்திரத்தைப் பிரசங்கிக்கத் தொடங்குகிறார். பிரசங்கம் முடிவதற்குள் கோட்டும் எதிரில் இருக்கும் அம்மாளின் மடியும் ஒரே வெண்மையாகிவிடுகின்றன. நம்மவர் வீடுகளில் மாமியார்கள் கலப்படம் என்று முகம் சுளிக்கும் அந்தச் சிக்கரி, அங்கே பாரம்பரியம் என்ற அந்தஸ்தோடு உலவுவதைக் கண்டு அவர் புளகாங்கிதம் அடைகிறார்.

அவருடைய தாரக மந்திரம், "இது அசல்தானா?" என்பது. 'கம்போ' என்ற கெட்டியான குழம்பு வந்ததும் பரிமாறுகிறவரிடம் இதைத்தான் கேட்கிறார். மாவைக் கொழுப்பில் வறுத்துச் சேர்க்கும் முறை பிரெஞ்சுக்காரருடையது. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. குழம்பைக் கெட்டியாக்கும் சாஸஃப்ராஸ் இலைப்பொடி சாக்டா என்ற பூர்வகுடிகள் கொடுத்தது. இப்படி மூன்று கண்டங்கள் ஒரு கிண்ணத்தில் கூடிக் கொதிக்கும்போது அசலை எங்கே தேடுவது? 1718-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய ஊர் என்பதால் பிரெஞ்சுப் பேட்டையின் ஒவ்வொரு சுவரையும் பார்த்து, "ஆஹா, பாரிஸ்!" என்று உருகுவார்; 1788, 1794 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த பெருந்தீக்களுக்குப் பிறகு அப்பேட்டையின் பெரும்பகுதி ஸ்பானிய ஆட்சியில் எழுந்தது என்று யாராவது சொன்னால், அந்த நபரிடம் அப்புறம் பேசமாட்டார்.

1840-இல் தொடங்கிய 'ஆன்ட்வான்ஸ்' போஜனசாலையில், 1899 முதல் பரிமாறப்படும் ராக்கஃபெல்லர் சிப்பியின் செய்முறை இன்றும் பரம ரகசியம். அந்த ரகசியம் நம் யாத்திரிகருக்கு மட்டும் முதல் வாயிலேயே துலங்கிவிடும்; இரண்டாம் வாயில் வேறு மாதிரியாகத் துலங்கும்.

சங்கீதமும் அவருடைய ஜாபிதாவில் உண்டு. 'பிரிசர்வேஷன் ஹால்' என்ற ஜாஸ் மண்டபத்தின் மர பெஞ்சியில், அங்கே தின்பண்டம் எதுவும் விற்பதில்லை என்ற துக்கத்தை அடக்கிக்கொண்டு, கண்களை மூடி அமர்ந்திருப்பார்; பக்கத்திலிருப்பவர் அதை நாதலயம் என்று நினைக்கலாம், அது உண்மையில் இரவு உணவைப் பற்றிய தியானம். அடிமைகளாக வாழ்ந்த ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி, முரசு கொட்டி ஆடிப் பாடி, பின்னாளில் ஜாஸுக்கு வித்திட்ட காங்கோ சதுக்கத்தை மட்டும், வழியில் இருந்தும் அவர் கடந்து போய்விடுகிறார். அங்கே சாப்பிட ஒன்றும் இல்லை அல்லவா? பெரிய வீடுகளின் அடுக்களைகளில் அந்தச் சுவையையெல்லாம் சமைத்துக் காட்டியவர்கள் அதே மக்கள்தாம் என்பதை எந்த மெனு அட்டையும் அவருக்குச் சொன்னதில்லை.

ஞாயிறு இரவு அவர் ஊர் திரும்பிவிடுகிறார். திங்கட்கிழமைதான் அவ்வூர் வீடுகளில் சிவப்பு பீன்ஸும் சோறும் வேகும் நாள். முன்காலத்தில் திங்கள் துணி துவைக்கும் நாளாக இருந்தபடியால், அடுப்பில் ஏற்றிவிட்டு மறந்துவிடக்கூடிய ஆகாரமாக அது அமைந்தது; அவ்வூரில் 1901-இல் பிறந்த ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், தம் கடிதங்களின் முடிவில் அதன் பெயரைச் சொல்லியே கையொப்பமிடும் அளவுக்கு அதன்மேல் பிரியம் வைத்திருந்தார். நியூ ஆர்லியன்ஸுக்குப் போகும் பாக்கியம் வாய்த்தவர்கள் ஜாபிதாவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, காங்கோ சதுக்கத்தில் சற்று நின்றுவிட்டு, திங்கட்கிழமையும் தங்கிச் சாப்பிட்டு வருவதே உத்தமம்.