‘நடப்பேன்’ எனும் வினைமுற்றின் ஆயுள்

புத்தாண்டுச் சபதத்தை உளவியலார் ஆராய்ந்துவிட்டார்கள், ஜிம்காரர்கள் காசாக்கிவிட்டார்கள். இலக்கணக்காரர்கள் மட்டும் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்க முன்வந்துள்ள இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சொல் ஒன்றே: டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு, குடும்பத்தார் முன்னிலையில் இவ்வாய்வாளர் மொழிந்த ‘நாளையிலிருந்து நடப்பேன்.’

‘உட்கார்ந்தே கிடக்க மாட்டேன்’ என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குச் சுவீடன் நாட்டார் காரணம். ஆயிரத்துச் சொச்சம் பேரின் சபதங்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2020-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ‘செய்வேன்’ வகையாரில் சுமார் 59 விழுக்காட்டினரும், ‘செய்ய மாட்டேன்’ வகையாரில் சுமார் 47 விழுக்காட்டினரும் தேறினார்கள். தேறியதாகச் சொன்னவர்கள் அவரவரேதான் என்பது வேறு விஷயம். ஆகவே உடன்பாட்டு வினையே உத்தமம் எனக் கொண்டோம்.

இனிப் பகுபத உறுப்பிலக்கணம். நட, பகுதி; முதல் ‘ப்’ சந்தி; இரண்டாம் ‘ப்’ எதிர்கால இடைநிலை; ‘ஏன்’ தன்மை ஒருமை விகுதி. ஏட்டில் இவை ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும் விகுதி மட்டும் தனியே கழன்று, போர்வைக்குள்ளிருந்து வினாவாக ஒலிப்பதைக் கள ஆய்வில் கண்டோம்: ‘ஏன்?’ மார்கழிப் பனி இத்திரிபுக்குத் துணைக்காரணம்.

முதன்மைச் சான்று, ஓசியில் வந்த டைரி. ஜனவரி 1: பிள்ளையார் சுழி, ‘பூங்கா, ஆறு சுற்று, உற்சாகம்.’ 2: ‘நாலு சுற்று.’ 3: ‘இரண்டு. ஷூ கடிக்கிறது.’ 4: ‘பூங்கா வாசல் வரை.’ ஐந்தாம் தேதி முதல் வேறு கையெழுத்து: ‘பால் 2 பாக்கெட். இஸ்திரி 14 உருப்படி.’ இக்கையெழுத்து டிசம்பர் வரை ஒருநாளும் தவறவில்லை. அதை யாரும் சபதம் என்று அழைத்ததுமில்லை.

வைராக்கியம் மூன்று என்றனர் முன்னோர். பிரசவ வைராக்கியம் வலி மறக்கும்வரை. மயான வைராக்கியம் தலை முழுகும்வரை. புராண வைராக்கியம், கதை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்வரை. நான்காவதான டிசம்பர் வைராக்கியத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு: தவணை. ஜனவரியில் விட்டதைப் போகியில் கொளுத்திவிட்டுத் தை முதல் நாள் தொடங்கலாம். தையும் போனால் சித்திரை இருக்கிறது. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என 2008-ல் சட்டம் வந்ததும், 2011-ல் அது நீக்கப்பட்டுச் சித்திரை திரும்பியதும் அரசியல். சபதக்காரர்கள் எக்கட்சியும் சாராதவர்கள். அவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

இனி இக்கட்டுரையின் தலையாய கண்டுபிடிப்பு. தமிழில் எதிர்கால வினைமுற்று, முன்பு வழக்கமாகச் செய்ததையும் குறிக்கும். ‘சின்ன வயதில் பள்ளிக்கு நடந்தே போவேன்’ என்கிறோம் அல்லவா, அதுபோல. எனவே சபதம் உடைவதால் வினைச்சொல் எவ்விதச் சேதமும் அடைவதில்லை. முன்னால் நிற்கும் சொல்லை மாற்றினால் போதும். மார்ச் மாதத்தில் இது பரிசோதித்துப் பார்க்கப்பட்டது. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றியபடியே டாக்டர், “வாக்கிங் போறதுண்டா?” என்றார்.

“முன்னெல்லாம் தினமும் நடப்பேன், டாக்டர்.”

“நாலு நாள், டாக்டர்” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. “நாலாவது நாள் டீ குடிக்கப் போனார்.”