மதில் சுற்றும் மாமா

கெபெக் நகரத்துக்கு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகிற மாமா செலவுக்கு அஞ்சுகிறவர் அல்ல. லண்டனிலிருந்து வந்தவர்களுக்கு வழியெல்லாம் கோப்பியும் டோனட்டும் வாங்கித் தருவார். நாங்கள் பேர்ஸை எடுத்தால் கையைத் தட்டிவிடுவார். வானுக்குப் பெற்றோலும் அவர் கணக்குத்தான். பார்க்கிங்குக்கு மட்டும் ஒரு சதம் கொடுக்கமாட்டார். "நிக்கிற வாகனத்துக்கு என்னத்துக்குக் காசு? ஓடுறதுக்குக் குடுக்கிறம்தானே!"

பயணம் மொன்றியலில் செயின்ற் ஜோசப் ஆலயத்தில் தொடங்கும். அங்கிருந்து சென் ஆன் டி போப்ரே ஆலயம் வரை நடந்தே போகிற யாத்திரைப் பாதை ஒன்று இருக்கிறது. முதுகில் மூட்டையோடு கிழமைக்கணக்கில் நடக்கிறார்கள். வானுக்குள் இருந்தபடி அவர்களைப் பார்த்து மாமா உச்சுக்கொட்டுவார். "எங்கட அப்பு சந்நிதியில இருந்து கதிர்காமம் நடந்தே போனவர்" என்பார். அப்பு நடந்தது வேலுக்காக. பேரப்பிள்ளைகளை மாமா நடக்கவைப்பது மீற்றருக்குப் பயந்து.

ஆலயத்துக்கு ஏற 283 படிகள். அதில் நடுவரிசை 99 மரப்படிகள் முழந்தாளில் ஏறுகிறவர்களுக்கு. இதை உண்டாக்கிய ஆந்திரே சகோதரர் பல ஆண்டுகள் ஒரு கல்லூரியின் வாசலைக் காத்தவர், 2010இல் அவரைப் புனிதராக்கினார்கள். மாமா பரம்பரைச் சைவர். ஆனாலும் அவரிடம் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வேண்டிக்கொள்வார். நோய்க்கு அல்ல, கலியாணத்துக்கும் அல்ல. "வாசல் காத்த மனுசன். எங்க இடம் இருக்கெண்டு அவருக்குத் தெரியாதே?"

மொன்றியல் தெருக்களில் அவருக்கு இணையான பண்டிதர் கிடையாது. ஒரு கம்பத்தில் நாலு பலகை தொங்கும். இடப்பக்க அம்புக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது முதல் பத்து வரை கூடாது. வலப்பக்க அம்புக்கு வேறு நாள், வேறு நேரம். ஏப்ரல் 1 முதல் டிசம்பர் 1 வரை என்று கீழே ஒன்று. பெர்மிட் உள்ளவர்களுக்கு மட்டும் என்று அதற்கும் கீழே ஒன்று. மாமா இறங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதடு அசைய, சாதகக் குறிப்பு வாசிக்கும் சாத்திரியார் மாதிரி அண்ணாந்து நிற்பார். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். திரும்பி வந்து, "மூண்டு இருபதில இருந்து நாலு மணி மட்டும் விடலாம்" என்று தீர்ப்புச் சொல்வார். அப்போது நேரம் மூன்று நாற்பது.

மொன்றியலுக்கும் ஒருகாலம் கல்மதில் இருந்தது. 1804இல் இடிக்கத் தொடங்கி 1817க்குள் முடித்துவிட்டார்கள். நகரசபைக் கட்டடத்துக்குப் பின்னால் சான் டி மார்ஸ் திடலில் அதன் அடித்தளம் வரிவரியாகத் தெரியும். அந்தத் திடல் இருபதாம் நூற்றாண்டில் பல காலம் கார் தரிப்பிடமாகக் கிடந்தது. பிறகுதான் புல் போட்டு, பழைய கல்லை வெளியே காட்டினார்கள். விருந்தாளிகளிடம் மாமா இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். மதில் போனதற்கு அல்ல.

வழியில் துரோ-ரிவியேரில் காப் மாதா கோயில். 1879இல் புதுக்கோயில் கட்ட அக்கரையிலிருந்து கல்லைக் கொண்டுவர வேண்டும், ஆறோ உறையவில்லை. செபமாலை சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். மார்ச்சில் ஆறு பாலம்போல் உறைய, அதன்மேல் கல்லை இழுத்து வந்தார்கள். கேட்டவர்கள் மெய்சிலிர்த்து நிற்கையில் மாமா, "ஆத்துக்கு மேல எவ்வளவு இடம் பாருங்கோ, ஒரு போர்டும் இல்லை" என்பார்.

இனிக் கெபெக். கோட்டை மதில் 4.6 கிலோமீற்றர். மெக்சிக்கோவுக்கு வடக்கே இப்படி மதிலோடு மிஞ்சிய நகரம் வேறில்லை. 1985இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று அறிவித்தது. 1870களில் இங்கேயும் இடிக்கத்தான் பார்த்தார்கள். கவர்னர் ஜெனரலாக இருந்த டஃபரின் பிரபு மறித்தார். இதெல்லாம் போன பயணத்தில் கைபேசியில் நானே பார்த்துக்கொண்டது. மாமா அந்நேரம் மதிலை வலம் வந்துகொண்டிருந்தார். சென் லூயி வாசல் வந்தது, போனது, திரும்ப வந்தது. மூன்றாம் தரம் வந்தபோது பின்சீற்றில் இருந்த லண்டன் அத்தை கும்பிட்டே விட்டார்.

கடைசியில் மலைக்குக் கீழே, ஆற்றோரத்தில், ஓர் இடுக்கு அகப்பட்டது. "கிட்டத்தான். ரெண்டு எட்டு."

அந்த இரண்டு எட்டுக்கு காப்-ப்ளான் படிக்கட்டு என்று பெயர். 398 படிகள், நகரத்தின் மிக நீளமான படிக்கட்டு. 1759 செப்டெம்பர் 13 விடியமுன், கொஞ்சம் மேற்கே, இதே செங்குத்தில்தான் வுல்ஃபின் ஆங்கிலேயப் படை ஏறிப் பிரெஞ்சுக்காரரை ஆபிரகாம் சமவெளியில் மடக்கியது. அவர்களுக்கு வேறு வழியில்லை. எங்களுக்கு மதிலுக்குள்ளேயே காசு கட்டி விடுகிற தரிப்பிடம் இருந்தது.

ஆனால் மனுசனைத் திட்டவும் வாய் வராது. சோற்றுப் பார்சல், தேத்தண்ணிப் பிளாஸ்க், அத்தைக்கு மடக்குக் கதிரை எல்லாம் அவர் தோளில். ஒவ்வொரு மேடையிலும் கதிரையை விரித்து அத்தையை இருத்தி, விசிறிவிட்டு, நாலு படி கீழிறங்கிச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினார். எழுபது வயது, மூச்சு வாங்கவில்லை. முழந்தாளில் ஏறச் சொல்லாதவரைக்கும் புண்ணியம் என்று அத்தை சொன்னார்.

என்றாலும் சொல்லத்தான் வேண்டும். மொன்றியலிலிருந்து 250 கிலோமீற்றர் ஓடிவந்து, மதிலுக்குள் நாங்கள் நின்றது ஒரு மணித்தியாலம் வராது. டஃபரின் நடைமேடையில் ஒரு குழுப்படம். ஃப்ரோந்தெனாக் மாளிகையை வெளியே நின்று பார்த்தோம். மதில்மேல் ஏறி நடக்கலாம் என்று கைபேசி சொன்னது, கால் மறுத்துவிட்டது. அத்தை லண்டனிலிருந்து வந்ததே இதற்காக. அந்த ஒரு மணித்தியாலத்திலும் மாமா அரைவாசி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தாச்சுதானே? வெளிக்கிடுங்கோ, வான் தூரத்தில நிக்குது."

போனால் கண்ணாடியில் ரிக்கெற் செருகியிருந்தது. மாமா வாசித்தார், அம்புக்குறியைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், பிரெஞ்சு மொழியில் மூன்று பிழை கண்டுபிடித்தார். அன்றிரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: தண்டத்தை ஆளுக்கு ஆள் பிரித்திருந்தார். சின்னவனுக்கு அரை ரிக்கெற்.